உள்ளே விட்ட துணி

கடை கீழே, வீடு மேலே, நடுவில் பதினான்கு படிகள். டெய்லரின் மனைவி அந்தப் படிகளை மறந்து ஏழு மாதமாகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் மட்டும் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகச் சறுக்கி இறங்குவாள். முழங்கால் இரண்டும் கெட்டுப்போயிருந்தன. வலது கால்தான் ரொம்ப மோசம்.

அதற்காக அவள் வேலை நிற்கவில்லை. தைத்து முடித்த சட்டைகளை டெய்லர் ஒரு கூடையில் போட்டுக் கயிற்றை இரண்டு முறை இழுப்பார். கூடை ஆடிக்கொண்டே மாடி ஜன்னலுக்குப் போகும். அவள் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து பட்டன் துளைகளுக்குக் காஜா எடுப்பாள், பட்டன் கட்டுவாள், ஓரம் மடித்துக் கையால் தைப்பாள். சாயங்காலத்துக்குள் கூடை திரும்பி வரும். தெருவுக்கே அவள் காஜாக்கா. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கூப்பிட்டால் அவளே யாரையோ என்று திரும்பிப் பார்ப்பாள்.

கடையில் அவளுடைய தையல் மெஷின் மூடிபோட்டு நின்றது. மிதித்து ஓட்டுகிற பழைய மெஷின். மோட்டார் வைத்துத் தருகிறேன் என்று டெய்லர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். "மோட்டார் அது இஷ்டத்துக்கு ஓடும். மிதிச்சா என் இஷ்டத்துக்கு ஓடும்" என்று ஒரே பேச்சில் மறுத்துவிட்டாள்.

ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று எலும்பு டாக்டர் சொல்லியிருந்தார். அதோடு இன்னொன்றும் சொன்னார்.

"பத்து கிலோ குறைச்சிட்டு வாங்கம்மா, தேதி தர்றேன். இந்த எடையில கத்தி வச்சா காயம் ஆறாம இழுக்கும். மயக்க மருந்து கொடுக்கிறவரும் யோசிக்கிறாரு. நாலு மாசம் எடுத்துக்குங்க."

மகள் பஸ்ஸில் அரை மணி தூரத்தில் இருந்தாள். லீவு நாளில் வந்து ஒரு தாளை எழுதிச் சுவரில் ஒட்டினாள். காலையில் முட்டை, மதியம் வேகவைத்த காய், ஒரு கை சோறு, ராத்திரி காய்ந்த ரொட்டி இரண்டு, சர்க்கரை இல்லாத டீ.

"எடை பாக்கிற மெஷின் ஒண்ணு வாங்கியாரட்டுமாம்மா?"

"அது இந்த வாசல்ல உள்ள வந்தா, நான் அதே வாசல்ல வெளிய போயிடுவேன்."

"அப்புறம் குறையுதா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"உடம்புல போட்டிருக்கிற துணி சொல்லும். தையக்கடைக்காரி நான், எனக்கு அதுகூடத் தெரியாதா?"

டெய்லர் தலை குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். ஒரு விஷயம் அவருக்கு மட்டும்தான் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அவர்தான் தைக்கிறார். நாடா வைத்து அளந்ததே கிடையாது. கண்ணளவுதான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஓர் அங்குலம் கூட்டி வெட்டுவார், சொல்லமாட்டார். முப்பது வருடத்தில் அவளுடைய எந்தத் துணியும் அவளைப் பிடித்ததே இல்லை. அதனால் தன் உடம்பு அப்படியேதான் இருக்கிறது என்று அவள் ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தாள். முட்டிதான் ஒருநாள் உண்மையைப் போட்டு உடைத்தது. கட்டிலோடு கிடந்த இந்த ஏழு மாதத்தில்தான் கவுனும் முதல் தடவையாகப் பிடிக்க ஆரம்பித்திருந்தது.

முதல் மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஐந்தாவது வாரம் ஒரு மத்தியானம் அவர் மேலே போனபோது, காய்ந்த ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. போட்டது போட்டபடி இறுக்கமாத்தான் இருக்கு. ஒரு நூல்கூடக் குறையல. எதுக்கு இந்த ரொட்டி? எனக்கு வேண்டாம். காலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இப்படியே கெடந்துட்டுப் போறேன்."

துவைத்த துணியெல்லாம் இஸ்திரிக்குக் கடைக்குத்தான் வரும். மறுநாள் அவளுடைய கவுன் இரண்டும் வந்தன. டெய்லர் இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ண வைத்துவிட்டுக் கவுனை உள்பக்கம் திருப்பினார். ஊருக்குத் தைக்கும்போது தையலுக்கு உள்ளே அரை அங்குலம் துணி விடுவார். அவளுக்கு மட்டும் ஒன்றேகால் அங்குலம். பிளேடை எடுத்தார். இரண்டு பக்கமும் பிரித்துக் கால் கால் அங்குலம் தள்ளித் தைத்தார். சுற்றளவில் ஓர் அங்குலம் கூடிவிட்டது. பத்து நிமிட வேலை.

அதைப் போட்டுக்கொண்டு அவள் ஜன்னலில் வந்து நின்றாள். "என்னங்க! இங்க பாருங்க!" என்று தெருவே கேட்கக் கூப்பிட்டாள். இடுப்புத் துணியைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் பார்த்துப் பல வருடமாகியிருந்தது. அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பிறகென்ன, பழகிவிட்டது. இருபது நாளுக்கு ஒரு தடவை கால் அங்குலம். அவளும் ரொட்டியை முகம் சுளிக்காமல் தின்றாள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு கால் பயிற்சி செய்தாள். நான் செய்கிறது நல்லதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நாலாவது தடவையோடு உள்ளே விட்ட துணியெல்லாம் தீர்ந்துவிட்டது. இனி பிரிக்க எதுவும் இல்லை என்று தெரிந்தபோதுதான் அவருக்குப் பயம் பிடித்தது. துணியைத்தான் அவர் ஏமாற்றியிருந்தார். ஆஸ்பத்திரித் தராசுக்கு அவர் தைக்க முடியாதே.

நாலு மாதம் முடிந்த நாளில் அவள் நீலக் கவுனைப் போட்டுக்கொண்டாள். இருந்த இரண்டில் கொஞ்சம் பகட்டானது, பாலியெஸ்டர் துணி. படியில் சறுக்கி இறங்கும்போதே "பன்னெண்டு குறைஞ்சிருப்பேன்" என்றாள். டெய்லர் அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் இறங்கினார். சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு படியிலும் நினைத்தார். பதினான்கும் தீர்ந்துபோனது.

தராசு தொண்ணூற்று நாலு காட்டியது. நாலு மாதத்துக்கு முன்னால் தொண்ணூற்றெட்டு.

"உங்க மெஷின் கெட்டுப்போச்சும்மா" என்றாள் நர்ஸிடம். கோபமில்லாமல், ஏதோ உதவி செய்கிற மாதிரி சொன்னாள்.

"நேத்துதான்மா சரிபார்த்தாங்க."

"இல்ல, இங்க பாருங்க எவ்வளவு லூஸா இருக்குன்னு. எனக்கு அளவு தெரியும். முப்பது வருஷமா இதே வேலைதான்."

நர்ஸ் நல்ல மாதிரி. பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் இன்னொரு தராசில் ஏற்றினாள். அதுவும் தொண்ணூற்று நாலு. டாக்டர் மருந்துச் சீட்டிலிருந்து தலை தூக்கி, "நாலு குறைச்சிருக்கீங்க, நல்ல விஷயம். இன்னும் ஆறு. மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார். அவருக்கு அது சாதாரணப் பேச்சு. அவளுக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது.

வெளியே நீள பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். அப்போது கழுத்தில் அட்டை தொங்க, கையில் தாள்கட்டோடு ஒரு பெண் வந்தாள். முட்டி ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களிடம் பேசுகிற ஆராய்ச்சிக்காரப் பெண். மகளைவிட இரண்டு வயது குறைவாக இருக்கும்.

"இன்னைக்கு வேண்டாம்மா, இன்னொரு நாள்" என்றார் டெய்லர்.

"இருங்க, சொல்லட்டும்" என்றாள் காஜாக்கா. "என்னம்மா வேணும்?"

"உங்களுக்கு ஆபரேஷன் பண்றப்ப முட்டிக்குள்ள கொஞ்சம் கொழுப்பும், மூட்டச் சுத்தி இருக்கிற சவ்வும் எப்படியும் வெட்டி எடுப்பாங்கம்மா. வழக்கமா அதத் தூக்கிப் போட்டுடுவாங்க. நீங்க சரின்னா நாங்க ஆராய்ச்சிக்கு எடுத்துக்குவோம். வயித்துத் தோலுக்கு அடியில இருந்தும் கொஞ்சம் கொழுப்பு. இத்தனூண்டுதான்." சுண்டுவிரல் நுனியைக் காட்டினாள்.

"இத்தனூண்டு எதுக்கு? கூடையோட எடுத்துட்டுப் போ. ஆறு கிலோ மிச்சம் இருக்கு, யாருக்கும் பிரயோஜனமில்லாம."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"கொழுப்பு சும்மா மூட்டை மாதிரி கெடக்குதுன்னுதான்மா எல்லாரும் நெனைக்கிறாங்க. அது பாட்டுக்கு வேலை செஞ்சுக்கிட்டே இருக்கு. ரத்தத்துல என்னென்னமோ விட்டுக்கிட்டே இருக்கு. மூட்டுச் சவ்வு வீங்கிச் சிவக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு பாக்கிறோம். உங்களுக்கு விரல் வலிக்குமா?"

காஜாக்கா வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். ஊசி பிடிக்கிற விரல்களின் கணுக்கள் புடைத்திருந்தன.

"வலிக்கும். ஊசி வேலைல்ல?"

"ஊசி வேலையும் இருக்கலாம். ஆனா ஊசியத் தொடாதவங்களுக்கும், உடம்பு கனமா இருந்தா, விரல் மூட்டு அதிகமா கெடுது. முட்டி மேல பாரம் ஏறுதுன்னு சொல்லலாம். விரல் மேல யாரும்மா ஏறி நின்னாங்க?"

காஜாக்கா விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முட்டி கெட்டதிலிருந்து கொழுப்பு என்ற சொல்லைச் சொல்லி யாரும் அவளைத் திட்டாமல் இருந்தது இதுதான் முதல் தடவை என்று டெய்லருக்குத் தோன்றியது.

"நிச்சயமாத் தெரியுமா இதெல்லாம்?"

"பாதிதான்மா தெரியும். மீதியத் தெரிஞ்சுக்கத்தான் உங்ககிட்டக் கேக்கிறேன்."

"அப்ப எழுதிக்கோ. தர்றேன்."

பெண் சந்தோஷமாகத் தாளைப் புரட்டினாள். வயது, உயரம், எடை எழுதினாள். அப்புறம் பையிலிருந்து நாடாவை எடுத்து, "இடுப்பு அளவும் வேணும்மா" என்று அவளை நிற்கவைத்துச் சுற்றிப் போட்டாள். நாடா முதுகுப்பக்கம் தொங்கியது.

"பின்னாடி எறங்கியிருக்கு பாரு, இப்படி எடுத்தா தப்பா வரும்" என்றாள் காஜாக்கா. "அவர்கிட்டக் குடு. டெய்லரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நீ ஏன் கஷ்டப்படுற?"

டெய்லருடைய கைக்கு நாடா வந்தது. முப்பது வருடத்தில் முதல் தடவையாக மனைவியின் இடுப்பைச் சுற்றி நாடா பிடித்தார். எண்ணைப் பார்த்தார். நாற்பத்திரண்டு என்று சொன்னால் அவள் நம்புவாள், அந்தப் பெண்ணும் எழுதிக்கொள்வாள். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் தொழிலில் இறங்கிய நாளிலிருந்து ஓர் அளவைக்கூட அவர் தப்பாகச் சொன்னதில்லை. அந்தப் பெண் எழுதக் காத்திருந்தாள்.

"நாப்பத்தாறு" என்றார்.

காஜாக்கா இடுப்பில் தொங்கிய கவுனைப் பிடித்துப் பார்த்தாள். ஒரு கைப்பிடி துணி வந்தது. நாற்பத்தாறு இடுப்புக்கு இவ்வளவு துணி ஏன் மிச்சம்? அவள் மெதுவாக உட்கார்ந்தாள். கவுனின் பக்கத் தையலை விரலால் திருப்பினாள். பருத்தியாக இருந்தால் தண்ணீர் தெளித்து, நகத்தால் கீறி, இஸ்திரி போட்டால் பழைய ஊசி ஓட்டை மூடிக்கொள்ளும். பாலியெஸ்டரில் மூடாது. புதுத் தையலுக்குப் பக்கத்தில் நாலு வரிசை ஓட்டைகள், கால் கால் அங்குல இடைவெளியில், கோடு போட்ட மாதிரி நேராக இருந்தன. அவ்வளவு நேராக அந்தத் தெருவில் தைப்பவர் ஒருவர்தான்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "போலாம்" என்றாள்.

மூன்று நாள் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாடு வந்தது, டீ வந்தது, கூடை ஏறி இறங்கியது. பேச்சு மட்டும் இல்லை. லீவு நாளில் வந்த மகள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் உண்ணாவிரதமா, மௌன விரதமா?" என்று கேட்டு, பதில் வராமல் கிளம்பிப்போனாள்.

நாலாவது நாள் மத்தியானம் கூடை கீழே இறங்கியது. சட்டைகள் இல்லை. நீலக் கவுன், உள்பக்கம் வெளியே தெரியும்படி மடித்து, மேலே ஒரு பிளேடு வைத்திருந்தது. டெய்லர் அதை எடுத்துக்கொண்டு படியேறினார். முட்டி நன்றாயிருந்தும் அவருக்கு மூச்சு வாங்கியது.

"டெய்லரே" என்றாள். கடைக்கு வருகிறவர்கள் கூப்பிடுகிற மாதிரி. "ஒரு சந்தேகம். ஊருக்குத் தைக்கிறப்ப உள்ள எவ்வளவு துணி விடுவீங்க?"

"அரை அங்குலம்."

"எனக்கு?"

"ஒண்ணேகால்."

"ஏன்?"

"தேவைப்படும்னு..."

"யாருக்குத் தேவைப்படும்?"

அவர் கவுனையும் பிளேடையும் கட்டிலில் வைத்தார்.

"இது நாலு மாசக் கதையில்ல. இத்தனை வருஷமும் இப்படித்தான் பண்ணியிருக்கீங்க. நேத்து பழைய பெட்டியில இருந்து எல்லாத்தையும் எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாத்தேன். படிக்கட்டு மாதிரி அகலமாயிட்டே வருது. ஒரு தடவை சொல்லியிருக்கலாமே? 'ஏய், உடம்பு போடுது, பாத்துக்க'ன்னு ஒரு வார்த்தை?"

"சொன்னா உனக்கு மனசு கஷ்டப்படும்னு..."

"இப்ப குளுகுளுன்னு இருக்காக்கும்."

"நீ ரொட்டிய வச்சுக்கிட்டு அழுத. எனக்குத் தாங்கல. நான் என்ன டாக்டரா? எனக்குத் தெரிஞ்சது துணி ஒண்ணுதான். அதுல செஞ்சேன்."

"கண்ணாடி முன்னாடி திரும்பித் திரும்பி நின்னு பாத்தேன் தெரியுமா? இந்த வயசுல. நீங்க பாத்துச் சிரிச்சீங்க."

"சந்தோஷத்துல சிரிச்சேன்."

"நாலு கிலோ." அவள் நாலு விரலைக் காட்டினாள். "நான் நெஜமாவே நாலு கிலோ குறைச்சிருக்கேன். பசிச்சு, அழுது, இந்தக் கட்டிலப் பிடிச்சுக்கிட்டுக் கால ஆட்டிக் குறைச்சது. என் வாழ்நாள்ல நான் குறைச்சதே அதுதான். டாக்டர் நல்ல விஷயம்னு சொல்றாரு, எனக்குச் செருப்பால அடிச்ச மாதிரி இருக்கு. ஏன்? நீங்க எனக்குப் பன்னெண்டு காட்டி வச்சிருந்தீங்க. நான் சம்பாதிச்ச நாலையும் நீங்க பறிச்சுக்கிட்டீங்க."

டெய்லர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். இதை அவர் யோசித்ததே இல்லை. பொய் சொன்னது தப்பு என்று தெரியும். அந்தப் பொய் அவளிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளும் என்று தெரியாது. தன் கையைப் பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன பண்ணணும் சொல்லு."

"நாடா எங்க?"

கழுத்தில்தான் தொங்கியது. எழுந்து அவளுக்குக் கை கொடுத்தார். அவள் நின்றாள்.

"எடுங்க. சத்தமா சொல்லுங்க. இனிமே வாரா வாரம் எடுக்கணும். குறைஞ்சா குறைஞ்சதுன்னு சொல்லணும், கூடினா கூடிச்சுன்னு சொல்லணும். எனக்கு அழுகை வந்தா நான் அழுதுக்கிறேன். நீங்க துணியத் தொடாதீங்க."

ஆர்டர் நோட்டில் அவளுக்கென்று ஒரு பக்கம் திறந்தார்கள். முப்பது வருடத்தில் அந்த நோட்டில் ஊரே இருந்தது, அவள் மட்டும் இல்லாமலிருந்தாள். மகளும் எடை மெஷின் வாங்கி வந்தாள். வாசலில் அது உள்ளே வந்தது, அவள் வெளியே போகவில்லை. ஒரு வாரம் அரை அங்குலம் கூடியது. டெய்லர் அதையும் சத்தமாகச் சொன்னார். அவள் அழுதாள். அழுதுவிட்டுக் காய் நறுக்கினாள். அவரும் கூட உட்கார்ந்து சர்க்கரை இல்லாத டீயைக் குடித்தார். கண்றாவியாகத்தான் இருந்தது.

ஆனால் 'டெய்லரே' மட்டும் போகவில்லை. சாப்பிட வாங்க டெய்லரே, விளக்கைப் போடுங்க டெய்லரே. ஒவ்வொரு தடவையும் அவருக்குச் சுருக்கென்றது. பழைய 'என்னங்க' திரும்பி வரவே இல்லை.

மூன்று மாதம் கழித்துத் தராசு எண்பத்தெட்டரை காட்டியது. டாக்டர் அரைக் கிலோவுக்குச் சண்டை போடவில்லை. தேதி கொடுத்தார்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் ஆராய்ச்சிக்காரப் பெண் வார்டுக்கு வந்தாள்.

"எடுத்தியாம்மா?"

"எடுத்தோம்மா. முட்டிச்சில்லுக்குக் கீழ இருந்த கொழுப்பு, சவ்வு, வயித்துல கொஞ்சம். எல்லாம் குளிர்பெட்டியில பத்திரமா இருக்கு."

"என்ன நிறம்?"

"கொழுப்பு வெண்ணெய் நிறம். சவ்வு மட்டும் சிவந்து தடிச்சுப்போய் இருந்துச்சு."

"வலிச்சிருக்கும்ல அதுக்கு" என்றாள் காஜாக்கா, வேறு யாருக்கோ நடந்ததைக் கேட்கிற மாதிரி. "என்ன சொல்லுது?"

"இன்னும் ஒண்ணும் பாக்கலம்மா. உங்கள மாதிரி நாப்பது பேரோடது சேரணும். வருஷமாகும்."

"ஆகட்டும். தெரிஞ்சா வந்து சொல்லு. எங்களுக்கு மனசு கஷ்டப்படும்னு பாக்காத, உள்ளதச் சொல்லு." டெய்லர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபின்தான் பெரிய பாடு. ஆபரேஷன் செய்த வலது முட்டி மடங்க மறுத்தது. ஆறு வாரத்துக்குள் தொண்ணூறு டிகிரி மடங்காவிட்டால் மறுபடி மயக்கம் கொடுத்து டாக்டரே மடக்க வேண்டியிருக்கும் என்று பயிற்சி கொடுக்கிற பெண் சொல்லியிருந்தாள். ஐந்தாவது வாரம் எழுபத்தைந்தில் நின்றது. "உங்ககிட்ட மிதிக்கிற மெஷின் இருக்குன்னீங்களே, தினம் கொஞ்சம் மிதிங்க" என்றாள்.

மறுநாள் காலை கடை திறந்ததும் டெய்லர் மெஷினின் மூடியைக் கழற்றித் துடைத்தார், எண்ணெய் விட்டார். தோல் பெல்ட் இறுக்கமாக இருந்தது. ஒரு நூல் தளர்த்திவிட்டால் சக்கரம் சும்மா வழுக்கும், மிதி பஞ்சு மாதிரி இறங்கும். அவள் முதல் மிதியிலேயே சந்தோஷப்பட்டுவிடுவாள். பிளையரை எடுத்து பெல்ட் கொக்கியில் வைத்தார். படியை ஒரு தடவை பார்த்தார். பிறகு பிளையரை டிராயரில் போட்டு மூடினார்.

படியில் சத்தம் கேட்டது. அவள் நின்றபடி இறங்கினாள். ஒரு கை சுவரில், ஒரு கையில் கம்பு. பதினான்கு படிக்கும் அவர் கீழே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் தோளில் நீலக் கவுன் கிடந்தது.

மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். மிதியில் காலை வைப்பதற்கு முன், குனிந்து பெல்ட்டை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அது அவளுடைய உரிமை என்று இருந்தார். விரலை எடுத்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"இறுக்கமாத்தான் இருக்கு" என்றாள்.

"ஆமா."

கவுனை விரித்தாள். "இதைப் பிடிக்கணும். எவ்வளவு?"

நாடாவைச் சுற்றினார். "நாப்பத்திமூணு" என்று சத்தமாகச் சொன்னார். "முதல் தையலுக்கும் முக்கால் அங்குலம் உள்ள வரணும்." உடனே நாடாவைக் கழற்றி அவளிடம் நீட்டினார். "நீயே பிடிச்சுப் பாத்துக்க."

அவள் நாடாவை வாங்கவில்லை. ஓட்டை வரிசைகளை விரலால் தடவினாள், கவுனைத் திருப்பிப் பலகையில் போட்டாள்.

"வேண்டாம்" என்றாள். "சாக்குக்கட்டிய எடுத்துக் கோடு போடுங்க. நான் ஓட்டுறேன்."

அவர் கோடு போட்டார். அவள் மிதியில் காலை அழுத்தினாள். பாதி இறங்கி நின்றது. முகம் சுருங்கியது, உதட்டைக் கடித்தாள். அவர் கை தானாகச் சக்கரத்தைத் தள்ளிவிடப் போனது.

"கையை எடுங்க" என்றாள். "வலிக்கட்டும், பரவால்ல. என்னங்க, நீங்க போய் டீ வாங்கிட்டு வாங்க."

டெய்லர் தெருவில் இறங்கினார். நாலு எட்டு வைத்ததும் பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. விட்டு விட்டுத்தான் ஓடியது. சர்க்கரை இல்லாமல் இரண்டு டீ சொல்லிவிட்டு, டீக்கடைக்காரன் என்னவென்று கேட்பதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.